கோபுரத்தை மறைக்கும் மாடிகள் - மதுரையின் ஒன்பது மீட்டர் கதை

கம்பத்திலோ போடியிலோ ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் ஜவுளி எடுக்க மதுரைக்குத்தான் பஸ் ஏறுவார்கள். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி, ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி என்று ஊர் ஊராகக் கடந்து வண்டி ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து விளக்குத்தூண். துணி எடுத்து முடித்து, நகைக்கடைக்கும் போய்விட்டுத் திரும்பும்போது வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று அண்ணாந்து கோபுரத்தைத் தேடுவார்கள். தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உள்ளே போக நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்" என்று ஒரு சமாதானம்.

அந்தக் கோபுரம் இப்போது எல்லா இடத்திலிருந்தும் தெரிவதில்லை. நடுவே லாட்ஜ், வணிக வளாகம், செல்போன் டவர், தண்ணீர்த் தொட்டி என்று பல வந்துவிட்டன. "கோயிலைச் சுற்றி எவ்வளவு உயரம் கட்டலாம்?" என்ற கேள்வி மதுரையில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சண்டை. அரசாணை வந்தது, வழக்குகள் வந்தன, சண்டை மட்டும் முடியவில்லை.

தேனி மாவட்டம் பிரிந்தது 1996-ல்தான். அதுவரை கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் மதுரை மாவட்டம். ஆகவே இது பக்கத்து ஊர்க் கதை அல்ல, நேற்று வரை சொந்த ஊராக இருந்த ஒரு ஊரின் கதை.

<b>கோயிலுக்காக வரைந்த ஊர்</b>

மதுரையின் பழைய நகரம் தானாக வளர்ந்த ஊர் அல்ல. மீனாட்சியம்மன் கோயில் நடுவில். அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எல்லாவற்றுக்கும் தமிழ் மாதங்களின் பெயர், வெளி வீதிக்கு மட்டும் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு வரும்.

இப்போது இருக்கும் வடிவத்தைக் கொடுத்தவர் விசுவநாத நாயக்கர் (1529 - 1564) என்று வரலாறு சொல்கிறது. பாண்டியர் காலத்துப் பழைய கோட்டையை எடுத்துவிட்டுப் பெரிய கோட்டை ஒன்றைக் கட்டினார். அந்தக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள். நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்தளத்தையும் காக்கும் பொறுப்பை ஒவ்வொரு பாளையக்காரரிடம் கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. போடிநாயக்கனூரும் அப்படி ஒரு பாளையம்தான். மதுரைக் கோட்டைச் சுவருக்கும் மேற்கு மலையடிவாரத்துக்கும் அப்போதே தொடர்பு இருந்திருக்கிறது!

கோபுரங்கள் ஒரே நாளில் எழுந்தவை அல்ல. கிழக்குக் கோபுரம் 13-ம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். மேற்குக் கோபுரம் 14-ம் நூற்றாண்டு. எல்லாவற்றிலும் உயரமான தெற்குக் கோபுரம் 1559-ல் எழுந்தது, கட்டியவர் சிராமலைச் செவ்வந்தி மூர்த்திச் செட்டி. உயரம் ஏறத்தாழ 170 அடி, அதாவது சுமார் 52 மீட்டர்.

தேர் ஓடுவது மாசி வீதியில், ஆனால் ஓடும் மாதம் சித்திரை. திருமலை நாயக்கர் (1623 - 1659) திருக்கல்யாணத் திருவிழாவை மாசியிலிருந்து சித்திரைக்கு மாற்றினார். தெருவின் பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

அந்தக் காலத்து வீடுகள் ஓட்டு வீடுகளும் மச்சு வீடுகளும்தான். திண்ணை, முற்றம், பின்கட்டு என்று நீளமாகப் பின்னால் போகும், மேலே போகாது. கோயிலைவிட உயரமாக வீடு கட்டக்கூடாது என்ற எண்ணமும் இருந்தது, கட்டுவதற்கு வசதியும் இல்லை. ஆகவே "எத்தனை மாடி?" என்ற சண்டைக்கே இடமில்லை. சிமெண்டும் கம்பியும் வந்த பிறகுதான் கதை மாறியது.

<b>கோட்டையை இடித்த கலெக்டர்</b>

ஊர் வளர வேண்டும், பழையது குறுக்கே நிற்கிறது. மதுரைக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 1840-களில் ஒருமுறை வந்தது.

அப்போது மதுரை கோட்டைக்குள் அடைந்து கிடந்தது. மக்கள் நெருக்கம், சுகாதாரக் கேடு, அகழியில் தேங்கிய தண்ணீர். கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து ஊரை விரிவாக்க முடிவு செய்தார். ஆனால் அவ்வளவு பெரிய சுவரை இடிக்க ஆளும் பணமும் வேண்டுமே! அதற்கு அவர் கண்ட வழி பிரபலமானது. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே வீட்டு மனை.

மக்கள் தாங்களே வந்து இடித்தார்கள். அகழி இருந்த பக்கம் வெளி வீதிகள் வந்தன. (கோட்டைக்கு வெளியே இருந்ததால் வெளி வீதி. மாதப் பெயர் இல்லாததன் காரணம் இதுதான்.) சுவர் இருந்த பக்கத்தில் வந்த தெருக்களுக்கு அந்த வேலையைப் பார்த்த நில அளவையாளர் மாரெட், மேஸ்திரி பெருமாள் ஆகியோரின் பெயர்கள். மாரெட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் இருக்கின்றன. கலெக்டர் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். ஜவுளி எடுக்கப் போகிற பலருக்கு அது ஒரு பஸ் ஸ்டாப் பெயர் மட்டுமே.

கோட்டையில் எஞ்சியவை கொஞ்சம்தான். பெரியார் பஸ் நிலையம் அருகே மேற்கு வாசலின் ஒரு பகுதி இருக்கிறது. கிழக்கே பாண்டியர் கோட்டையின் வாசல் ஒன்று இருக்கிறது. இடிக்காமல் விட்டதால் அதற்கு "விட்டவாசல்" என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

பிளாக்பர்ன் செய்தது சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம். ஒரு கோட்டையே போய்விட்டது, அது பெரிய இழப்பு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் மக்களிடம் ஒரு வேலையைக் கேட்டார், பதிலுக்கு ஒன்றைக் கொடுத்தார். அதனால்தான் வேலை நடந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து வந்த அடுத்த முடிவில் இந்தப் பதில்தான் விடுபட்டது.

<b>1997: ஒன்பது மீட்டர்</b>

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாசி வீதிகளும் ஆவணி மூல வீதிகளும் வீடுகளின் தெருக்களாக இல்லாமல் கடைகளின் தெருக்களாக மாறின. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள். விளக்குத்தூண் பக்கம் மொத்த ஜவுளி. மேற்கே, ரயில் நிலையம் அருகில் இருப்பதால், பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும் லாட்ஜுகள். இடம் இல்லை, விலையோ ஏறுகிறது. அப்புறம் என்ன, மேலே போக வேண்டியதுதான்.

1997-ல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் எந்தக் கட்டடமும் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது.

9 மீட்டர் என்றால் சுமார் 30 அடி. தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும். ஒரு கிலோமீட்டர் ஆரம் என்றால் மூன்று சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு. சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் எல்லாம் அதற்குள் அடக்கம். பழைய மதுரை ஏறக்குறைய முழுவதும் என்றே சொல்லலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: தமிழ்நாட்டின் 2019-ம் ஆண்டுக் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது "உயரமான கட்டடம்". மதுரையின் சண்டை அதில் பாதி உயரத்தைப் பற்றியது.

<b>"கட்டக்கூடாது" என்பவர்கள்</b>

இவர்களின் முதல் வாதம் எல்லோருக்கும் தெரிந்தது. மதுரைக்கு அடையாளமே கோபுரம். தமிழ்நாடு அரசு முத்திரையில் ஒரு கோபுரம் இருக்கும் மாநிலத்தில், நேரில் இருக்கும் கோபுரத்தை மறைத்துவிட்டு என்ன மிச்சம்?

இரண்டாவது வாதம் கொஞ்சம் ஆழமானது. கோபுரம் கோயிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கட்டியது. உள்ளே இருப்பவருக்குக் கருவறை இருக்கிறது. வெளியே இருப்பவருக்கு, தூரத்தில் வருபவருக்கு, உள்ளே வர முடியாதவருக்குக் கோபுரம். மதுரையில் இது வெறும் பேச்சு அல்ல. 1939 ஜூலை 8-ம் தேதி அ. வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். ஆலயப் பிரவேசம் என்று வரலாற்றில் இருப்பது அதுதான். அந்த நாள் வரை தலித் மக்களுக்கும் நாடார்களுக்கும் அந்தக் கோயிலின் வாசல் மூடியே இருந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வெளியே நின்று பார்க்க முடிந்தது கோபுரத்தை மட்டும்தான். கோயிலில் யாரும் பூட்ட முடியாத ஒரே பகுதி அது. அதைக் கான்கிரீட் வைத்து மூடலாமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

மூன்றாவது வாதம் தீ. ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் நடுவே உள்ள சந்துகளில் சிலவற்றில் ஆட்டோ போவதே சிரமம், தீயணைப்பு வண்டி எப்படிப் போகும்? 2017 மே 31-ல் சென்னை தி.நகரில் ஏழுமாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்து, கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதானது. 2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்திலேயே தீப்பிடித்தது. அங்கே இருந்த கடைகள் எரிந்தன, மண்டபத்தின் கல்தூண்களும் கூரையும் சிதைந்தன. அடுக்கடுக்காகக் கடைகள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை என்கிறார்கள்.

நான்காவது, தண்ணீர். இங்கேதான் கம்பம் பள்ளத்தாக்கு மறுபடி கதைக்குள் வருகிறது. வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். 1895-ல் பெரியாறு அணையிலிருந்து திருப்பிவிட்ட தண்ணீர் பள்ளத்தாக்கு வழியாக வந்து வைகையில் சேர்கிறது. மதுரை குடிப்பது இந்தத் தண்ணீரை. லோயர் கேம்பிலிருந்து குழாய் மூலம் நேராக மதுரைக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நகரத்தில் ஒவ்வொரு மாடி ஏறும்போதும் ஒரு தண்ணீர்த் தொட்டி ஏறுகிறது. அந்தத் தொட்டி எங்கிருந்து நிரம்புகிறது என்று நெல் வயல்காரர் கேட்கத்தானே செய்வார்?

<b>"கட்டினால் என்ன?" என்பவர்கள்</b>

எதிர்த்தரப்பை ஆசைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. பெரிய லாட்ஜ் முதலாளிகள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் அதிகம் பேர் சாதாரண வீட்டுக்காரர்கள்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளலாம். மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு சென்ட் வீடு. தாத்தா கட்டியது. அப்பாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர், அவர்களுக்குப் பிள்ளைகள் ஆறு பேர். பக்கவாட்டில் இடம் இல்லை, மேலேயும் போகக்கூடாது. ஒருவர் மட்டும் இருந்துகொண்டு மற்றவர்கள் புறநகரில் மனை வாங்கிப் போக வேண்டும். புறநகரில் இருப்பவர் பத்து மாடி கட்டினால் "வளர்ச்சி". கோயில் பக்கத்தில் இருப்பவர் மூன்றாவது மாடி கட்டினால் "விதிமீறல்". "கோபுரத்தின் அழகு எல்லோருக்கும் பொது, அதற்கான செலவு மட்டும் எங்கள் தலையிலா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

அடுத்தது, விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 1997-க்கு முன்பே உயர்ந்துவிட்ட லாட்ஜுகள் அப்படியே நிற்கின்றன. அவற்றில் சில மொட்டைமாடியில் ஓட்டல் நடத்தி, "கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்" என்று சுற்றுலாப் பயணிகளை அழைக்கின்றன. பின்னால் இருக்கும் வீட்டுக்காரரிடமிருந்து மறைத்த கோபுரத்தையே விற்கிறார்கள்!

1997-க்குப் பிறகும் மீறிக் கட்டியவர்கள் ஏராளம். வரைபடத்தில் இரண்டு மாடி, நேரில் நான்கு மாடி. இடையிடையே தமிழ்நாட்டில் விதிமீறல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்யும் திட்டங்கள் வந்தன. "கட்டிவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற தைரியம் ஊர் முழுவதும் பரவியது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கிய பிறகு இந்தப் பிரச்சினை பொதுநல வழக்குகளாக அங்கே போனது. கணக்கெடுத்தபோது நூற்றுக்கணக்கான கட்டடங்கள் 9 மீட்டரைத் தாண்டியிருந்தன. நோட்டீஸ், பதில் மனு, வாய்தா... விதியை மதித்து இரண்டு மாடியோடு நின்றவர்தான் கடைசியில் ஏமாளி ஆனார்.

<b>கொஞ்சம் கணக்கு போட்டால்...</b>

9 மீட்டர் விதி உண்மையிலேயே கோபுரத்தைக் காட்டுகிறதா? பள்ளிக்கூடக் கணிதமே போதும்.

10 மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவில் ஒருவர் ஓரமாக நிற்கிறார். கண் உயரம் 1.5 மீட்டர். எதிரே 9 மீட்டர் கட்டடம். அதன் உச்சியைத் தாண்டிப் போகும் பார்வைக்கோடு ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 7.5 மீட்டர் ஏறும். 52 மீட்டர் கோபுரம் 67 மீட்டர் தூரத்துக்குள் இருந்தால்தான் அதன் உச்சி தெரியும். அதாவது விதியை ஒழுங்காகப் பின்பற்றினாலும் தெருவில் நிற்பவருக்கு எதிர்க் கட்டடத்துக்கு மேலாகக் கோபுரம் தெரியாது. தெரு நேராகக் கோபுரத்தை நோக்கிப் போகிற இடங்களில்தான் தெரியும்.

இப்போது அதே ஆளை 9 மீட்டர் மொட்டைமாடியில் நிறுத்தலாம். கண் உயரம் 10.5 மீட்டர். சுற்றிலும் எல்லாமே 9 மீட்டர் என்றால் மறைக்க எதுவும் இல்லை, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கோபுரம் தெரியும். ஆனால் 20 மீட்டர் தூரத்தில் ஒரே ஒரு கட்டடம் 15 மீட்டருக்கு எழுந்துவிட்டால்? அதே நேர்க்கோட்டில் 184 மீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுரம் முழுவதும் மறைந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, இந்த விதி காப்பாற்றுவது தெருவின் பார்வையை விட மொட்டைமாடியின் பார்வையைத்தான். வெயில் காலத்தில் பாய் விரித்துப் படுக்கிற, வடகம் காயவைக்கிற, சித்திரைத் திருவிழாவுக்கு உறவுக்காரர்களை ஏற்றிவிடுகிற மொட்டைமாடி. இரண்டு, இந்த விதி எல்லோரும் சேர்ந்து மதித்தால் மட்டுமே வேலை செய்யும். ஒருவர் மீறினால் அவருக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் அத்தனை பேருக்கும் இழப்பு. மீறியவருக்கோ முன்பைவிட நல்ல காட்சி!

<b>மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?</b>

இந்தச் சண்டை மதுரைக்கு மட்டும் உரியதல்ல. மூன்று ஊர்களைப் பார்த்தால் போதும்.

லண்டன்: 1930-களில் தொலைபேசி நிலையம் ஒன்றுக்காக எழுந்த ஃபாரடே கட்டடம் தேம்ஸ் நதிப் பக்கமிருந்து செயின்ட் பால் பேராலயத்தை மறைத்தது. எதிர்ப்பு கிளம்பியது. 1938 முதல் "செயின்ட் பால் உயரங்கள்" என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. முக்கியமான விஷயம், அது ஒரே எண் அல்ல. எந்த இடத்திலிருந்து பேராலயம் தெரிய வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அந்தப் பார்வைக்கோடுகளை வரைந்து, கட்டம் கட்டமாக வெவ்வேறு உயரம் கொடுத்தார்கள். ஓரிடத்தில் குறைவு, இன்னோரிடத்தில் அதிகம். காட்சியை மறைக்காத இடத்தில் வீணாக யாரையும் தடுக்கவில்லை.

நியூயார்க்: 1968-ல் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைக்கு மேல் 55 மாடிக் கோபுரம் கட்ட ரயில் கம்பெனி திட்டமிட்டது. நகர நிர்வாகம் மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் நகரத்துக்குச் சாதகமாக 6-3 என்று தீர்ப்பு வந்தது. ஆனால் கம்பெனிக்கு ஒரு வழியும் இருந்தது. மேலே கட்ட முடியாமல் போன அந்த உரிமையை அருகில் உள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதைப் போன்ற "மாற்றத்தக்க கட்டுமான உரிமை" இந்தியாவிலும் புதிதல்ல, மும்பையில் 1990-களிலிருந்தே இருக்கிறது.

பினாங்கு: தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவும் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலும் தமிழர் குடியேறிய தடங்கள். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உடனே ஒரு சிக்கல். 18 மீட்டர் வரம்பைத் தாண்டும் நான்கு ஓட்டல் திட்டங்களுக்கு ஏற்கெனவே அனுமதி கிடைத்திருந்தது. பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்ற பயம் வந்தது. பேச்சு நடந்து, திட்டங்களில் சில 18 மீட்டருக்குள் குறைக்கப்பட்டன. கட்டடங்கள் தப்பின. ஆனால் அதற்கு முன்பே, 2000-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியபோது, வாடகை ஏறி, தலைமுறையாகக் குடியிருந்த பலர் வெளியேறியிருந்தார்கள். வீடு இருக்கிறது, வீட்டுக்காரர் இல்லை.

<b>மதுரைக்குத் தேவை என்ன?</b>

லண்டன் அளந்து பார்த்தது. நியூயார்க் ஈடு கொடுத்தது. பினாங்கு கட்டடத்தைக் காத்து, குடியிருந்தவர்கள் பலரை இழந்தது. மதுரையில் 1997-ல் வந்தது ஒரு வட்டமும் ஒரு எண்ணும்.

9 மீட்டர் தவறு என்று சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் தெற்குக் கோபுரம் இந்நேரம் நாலு பக்கமும் மாடிகளுக்கு நடுவே கிணற்றுக்குள் நிற்பதுபோல நின்றிருக்கும். ஆனால் அந்த எண்ணோடு இன்னும் இரண்டு வேலை நடந்திருக்க வேண்டும். எந்தெந்த இடத்திலிருந்து கோபுரம் கட்டாயம் தெரிய வேண்டும் என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும். வைகைப் பாலம், ரயில் நிலையம், தேர் திரும்பும் முனைகள் இவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள். ஏனென்றால் வட்டத்துக்கு வெளியே எழும் ஒரு கட்டடமும் பாலத்தின் பார்வையை மறைக்கலாம், 9 மீட்டர் விதி அதைத் தொடாது.

இன்னொன்று, இரண்டு மாடியோடு நிற்கும் வீட்டுக்காரருக்குப் பதிலுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். சொத்து வரியில் சலுகை, பழைய வீட்டைப் பழுதுபார்க்க உதவி, புறநகரில் விற்கக்கூடிய கட்டுமான உரிமை, எதுவாகவும் இருக்கலாம். கோட்டையை இடிக்கச் சொன்ன கலெக்டருக்கே மனை கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கோபுரத்தைக் காக்கச் சொல்பவர்களுக்கும் அது தெரிய வேண்டாமா? சும்மா "கட்டாதே" என்றால் நல்லவர் கட்டமாட்டார், மற்றவர் கட்டுவார். அதுதான் நடந்தது.

<b>பள்ளத்தாக்குக்கும் அந்த நாள் வரும்</b>

கம்பம் பள்ளத்தாக்கில் 52 மீட்டர் கோபுரம் கிடையாது. ஆனால் சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர், உத்தமபாளையம் திருக்காளாத்தீஸ்வரர், கம்பம் கம்பராயப் பெருமாள், வீரபாண்டி கௌமாரியம்மன் என்று ஊருக்கு ஒரு பழைய கோயில் உண்டு. அவற்றைச் சுற்றிப் பழைய தெருக்களும் உண்டு. அதற்கும் மேலே, எந்தத் தெருவில் நின்றாலும் தெரிகிற மலை இருக்கிறது. ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் கேரள எல்லை மலைகள். யாரும் கட்டாத கோபுரங்கள் அவை.

2022 மே மாதம் தேனிக்கு அகல ரயில் வந்தது, 2023 ஜூனில் போடி வரை நீண்டது. ரயில் வந்தால் மனை விலை ஏறும், மனை விலை ஏறினால் மாடி ஏறும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் ஊரிலேயே இருக்க வீடு வேண்டும்தானே. ஆனால் எதை மறைக்கக்கூடாது, அதற்காக யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது, விட்டுக்கொடுத்தவருக்கு ஊர் என்ன கொடுப்பது என்ற மூன்று கேள்விகளையும் மாடி எழும்பும் முன்பே பேசிவிட வேண்டும்.

மாடி எழும்பிய பிறகு பேசினால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அதிக தூரம் போக வேண்டாம். அடுத்த முறை ஜவுளி எடுக்க மதுரைக்குப் போகும்போது விளக்குத்தூணில் இறங்கி, ஒரு நிமிடம் அண்ணாந்து கோபுரத்தைத் தேடிப் பார்த்தால் போதும்.